மாற்றாத தண்ணீர்

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று ஊருக்குத் தண்ணீர் தந்த ஏரிகள் வறண்டு, தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்கிறதா என்று ராத்திரியிலும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த மாதங்கள். எங்கள் வீட்டில் அப்போது நின்றுபோன காரியங்களில் ஒன்று, கூடத்து மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது. 100 லிட்டர் தொட்டி. நான்கு ஏஞ்சல் மீன்கள், ஒரு டஜன் டெட்ரா, கண்ணாடியை நக்கிக்கொண்டே காலம் தள்ளும் ஒரு டேங்க் கிளீனர். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பக்கெட் எடுத்துவிட்டு இரண்டு பக்கெட் ஊற்றுவது வழக்கம். "மனுசனுக்கே குளிக்கத் தண்ணி இல்ல, மீனுக்கு ரெண்டு பக்கெட்டா?" என்று அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஆவியாகிக் குறையும் அளவுக்கு மட்டும் கேன் தண்ணீரில் ஒன்றிரண்டு சொம்பு ஊற்றி வந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. ஆறு மாதம். ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிந்து கிடந்தது. தீனி போட்டால் மீன்கள் முன்போலவே பாய்ந்து மேலே வந்தன. இத்தனை வருடம் வீணாகத்தானே மாற்றினோம் என்றுகூட நினைத்தேன். ஐப்பசி மழை பெய்து குழாயில் தண்ணீர் வந்த முதல் ஞாயிறு, ஏதோ பாவம் தீர்ப்பதுபோலப் பாதித் தொட்டியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தையும் மறக்கவில்லை. மறுநாள் காலை டெட்ராக்கள் எல்லாம் செத்து மிதந்தன. மத்தியானத்துக்குள் மூன்று ஏஞ்சல்களும் போயின.

"நல்லாத்தானே இருந்துச்சு. நீ தண்ணிய மாத்தினதுதான்டா தப்பு" என்றாள் அம்மா.

கொளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர் வேறு தீர்ப்புச் சொன்னார். "ஆறு மாசம் மாத்தாம விட்டீங்க பாருங்க, அதான் சார் தப்பு."

இரண்டில் எது சரி என்று தேடிப் போனபோதுதான், இந்தச் சண்டைக்கு நூற்று எழுபது வயது என்று தெரிந்தது. அதன் இரு தரப்பிலும் ஒரே பெயர் இருப்பதும் தெரிந்தது. தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்று உலகுக்குச் சொன்னவர் ராபர்ட் வாரிங்டன் என்னும் லண்டன் வேதியியலாளர். அவர் சொன்னதில் எது விட்டுப்போயிருந்தது என்பதற்கான கணக்கைப் பின்னாளில் ஒரு வயல்வெளி ஆய்வுக்கூடத்தில் போட்டவர் இன்னொரு ராபர்ட் வாரிங்டன். அவருடைய மகன்.

*

மீனைக் கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்ப்பது வாரிங்டனுக்கு முன்பே இருந்தது. தங்கமீன் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. உருண்டைக் கண்ணாடிக் குடுவை, ஒன்றோ இரண்டோ மீன், அடிக்கடி மாற்றும் தண்ணீர். மாற்றாவிட்டால் மீன் சாகும் என்பது அனுபவம். ஏன் சாகிறது என்பதற்கு அந்தக் காலத்தின் பதில், மூச்சுமுட்டி என்பது. காற்று கெட்டுப்போகிறது என்று பிரீஸ்ட்லி எலிகளைக் கண்ணாடி மணிக்குள் வைத்துப் பார்த்துச் சொன்னவர். அதே மணிக்குள் ஒரு புதினாச் செடியை வைத்தால் கெட்ட காற்று மறுபடி நல்ல காற்றாகிறது என்று 1771இல் கண்டவரும் அவர்தான். அதற்கு வெயில் வேண்டும் என்று 1779இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். ஆக, மிருகமும் செடியும் ஒன்றுக்கொன்று மூச்சுக் கொடுத்துக்கொள்கின்றன. இதைத் தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

அந்த எல்லையில் ஆனா தைன் என்ற பெண்மணி நிற்கிறார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துப் பாதிரியாரின் மனைவி. 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளப் பூச்சிகளை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். கடல் தண்ணீரை அடிக்கடி லண்டனுக்கு வரவழைப்பது சுலபமில்லை. அதனால் இருக்கிற தண்ணீரையே திறந்த ஜன்னல் அருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்று ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அரை மணி, முக்கால் மணி நேரம். ஊற்றியது அவரல்ல, வீட்டு வேலைக்காரச் சிறுமி. அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டாக இருந்தது என்று எஜமானியம்மா பிறகு எழுதியிருக்கிறார். அந்தப் பெண் எதுவும் எழுதிவைக்கவில்லை. அடுத்த வருடம் தைன் கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார்.

தண்ணீரை மாற்றாமல் இருக்க முடியுமா என்ற கேள்விக்குப் பின்னால் எப்போதும் யார் தூக்குவது என்ற கேள்வியும் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் அந்த இரண்டு பக்கெட்டைத் தூக்கியது அம்மாதான் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

*

மூத்த வாரிங்டன் லண்டன் மருந்தாளர் சங்கக் கூடத்தில் வேதியியலாளராக இருந்தார். 1841இல் லண்டன் வேதியியல் சங்கம் உருவாக முன்னின்றவரும் அவர்தான். 1849இல் ஏறக்குறைய 12 காலன், நம் கணக்கில் 54 லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கலத்தில் பாதிவரை ஊற்றுத் தண்ணீர் விட்டு, மணலும் சேறும் கல்லும் இட்டு, நாடா நாடாக வளரும் வாலிஸ்னேரியா செடியை நட்டு, இரண்டு சின்னத் தங்கமீன்களை விட்டார். தண்ணீரை மாற்றுவதில்லை என்பது சோதனை.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. இன்னொருவராக இருந்தால் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவியிருப்பார். வாரிங்டன் குளத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்தார். அங்கே அழுகிய இலையை யார் தின்கிறார்கள்? நத்தைகள். ஐந்தாறு குளத்து நத்தைகளைப் பிடித்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டைகள் மீனுக்குத் தீனியாயின. செடி மூச்சுக் கொடுத்தது, மீன் உரம் கொடுத்தது, நத்தை குப்பை வாரியது. 1850இல் இதை வேதியியல் சங்கத்தில் படித்தார். விலங்குலகமும் தாவர உலகமும் ஒன்றையொன்று நிரந்தரமாகத் தாங்கும்படி அவற்றின் உறவைச் சரிப்படுத்தலாம் என்பது அவருடைய முடிவு.

அந்த 'நிரந்தரமாக' என்ற சொல்தான் பின்னால் வந்த தொல்லைகளுக்கெல்லாம் வித்து.

காலமும் தோதாக அமைந்தது. கண்ணாடி மீதான வரியை இங்கிலாந்து 1845இல் நீக்கியிருந்தது. கண்ணாடி மலிந்தது. வார்டு என்னும் மருத்துவர் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் பெரணிகளை வளர்த்துக் காட்டி, அது ஏற்கெனவே வீட்டுக்கு வீடு அலங்காரமாகியிருந்தது. 1853இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் பொதுமக்கள் பார்க்க மீன் வீடு திறந்தார்கள். 1854இல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லையே வீட்டுச் சொல்லாக்கியது. வரவேற்பறையில் ஒரு தொட்டி இல்லாவிட்டால் கௌரவம் இல்லை என்ற நிலை வந்தது. தண்ணீர் மாற்ற வேண்டாம், இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்பது விற்பனைக்கு எவ்வளவு நல்ல வாசகம்!

ஆனால் தொட்டிகள் நாறின. வாரிங்டன் இரண்டு சின்ன மீன் விட்ட இடத்தில் ஜனங்கள் பத்து விட்டார்கள். மீன் பசியாக இருக்குமே என்று ரொட்டியும் இறைச்சியும் போட்டார்கள். செடி நட்டால் போதும் என்றிருந்தார்கள். பத்து வருடத்தில் மோகம் அடங்கிப் பெரும்பாலான தொட்டிகள் பரணுக்குப் போயின. அதற்குள் வெளியேயும் ஒரு சேதம் நடந்துவிட்டது. தன் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்தவர்கள் டெவன் கரையோரப் பாறைக்குட்டைகளை வாரி வழித்துக் காலி செய்ததை எண்ணிக் காஸ் வருந்தியதை அவருடைய மகன் எட்மண்ட் 1907இல் பதிவு செய்திருக்கிறார்.

தொழிலாகச் செய்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். லண்டனில் தொட்டிகளும் கடல் உயிர்களும் விற்ற வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு முதலில் ஹாம்பர்கிலும் பிறகு 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரிய காட்சித் தொட்டிகளை அமைத்தார். அவருடைய ரகசியம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கம் கீழே. அதிலிருந்து தண்ணீர் இடைவிடாமல் மேலேறித் தொட்டிகள் வழியாக ஓடிக் கீழே திரும்பும். தண்ணீரை மாற்றவில்லை, உண்மைதான். மீனுக்குக் கிடைத்த தண்ணீரின் அளவை மாற்றிவிட்டார். ஒரு கிணற்றில் போட்ட உப்புக்கும் ஒரு குடத்தில் போட்ட உப்புக்கும் உள்ள வித்தியாசம்.

*

மூத்த வாரிங்டன் தொட்டியில் நத்தை விட்டபோது அவருடைய மகன் ராபர்ட்டுக்குப் பத்துப் பதினொரு வயது. அந்தக் கலத்தின் எதிரே முகத்தை ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு பையனை நான் கற்பனை செய்துகொள்கிறேன். மகனும் வேதியியல் படித்தார். 1876இலிருந்து ராதம்ஸ்டெட் என்னும் ஊரில், உலகின் மிகப் பழைய விவசாய ஆய்வுப் பண்ணைகளில் ஒன்றில் வேலை. மண்ணில் இடும் எருவிலுள்ள அம்மோனியா எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது என்பது அங்கே அவருடைய ஆராய்ச்சி.

அதற்கு ஒரு பிரெஞ்சுச் சோதனை தூண்டுதலாக இருந்தது. 1877இல் ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்ற இருவர் நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் இருபது நாள் அம்மோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. அம்மோனியா குறைந்து மறைந்தது. வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இருபது நாள் எதற்குக் காத்திருந்தது? உயிருள்ள ஏதோ ஒன்று பெருகுவதற்கு. சந்தேகம் தீரக் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். வினை நின்றது. கொஞ்சம் மண் கரைசலைச் சேர்த்ததும் மறுபடி தொடங்கியது. புதுத் தொட்டி வாங்கியவனிடம் "மூணு வாரம், ஒரு மாசம் பொறுங்க, அப்புறம் மீன் விடுங்க" என்று இன்று கடைக்காரர் சொல்கிறாரே, அந்த மூன்று வாரம் இதுதான்.

இளைய வாரிங்டன் இதை உறுதிசெய்ததோடு நிற்கவில்லை. வேலை இரண்டு படியில் நடக்கிறது, ஒவ்வொரு படிக்கும் வேறு உயிரி என்பதைக் கண்டார். முதல் படியில் அம்மோனியா நைட்ரைட் ஆகிறது. இரண்டாவதில் நைட்ரைட் நைட்ரேட் ஆகிறது. ஆனால் அந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுக்க வருடக்கணக்கில் முயன்றும் அவரால் முடியவில்லை. அப்போதைய வழக்கப்படி ஜெலட்டினில் வளர்க்கப் பார்த்தார். இவையோ அப்படிப்பட்ட உணவைத் தொடாத பிராணிகள். சீரான பத்தியச் சாப்பாடு, அதாவது வெறும் தாது உப்புகளை மட்டும் கொடுத்து, 1890இல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்தார். பெயரும் அவருக்கே போயிற்று.

தகப்பனின் தொட்டியைப் பற்றி மகனின் கண்டுபிடிப்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தகப்பன் மூச்சைப் பார்த்தார், குப்பையைப் பார்த்தார். மீன் செவுள் வழியாக ஓயாமல் வெளியேற்றும் அம்மோனியாவைப் பார்க்கவில்லை. அதற்கு நிறமில்லை, அந்த அளவில் மணமும் இல்லை. அவருடைய தொட்டியைக் காப்பாற்றியதில் நத்தைக்கு எவ்வளவு பங்கோ, அதைவிட அதிகப் பங்கு மணலிலும் கல்லிலும் ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்துக்கும், அம்மோனியாவை நேராகவே உறிஞ்சிக்கொண்ட வாலிஸ்னேரியாவுக்கும் உண்டு. தீனியும் பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே பிறந்தது. அதனால் அவருடைய கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு சின்ன மீனுக்கு உண்மையாக இருந்ததை எல்லாத் தொட்டிக்கும் உண்மை என்று உலகம் எடுத்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், விவசாயத்துக்கும் சாக்கடைச் சுத்திகரிப்புக்கும் உடனே பயன்பட்ட இந்த அறிவு, வீட்டு மீன்தொட்டிக்கு வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் மீன் வளர்ப்புப் புத்தகங்கள் 'சமநிலைத் தொட்டி'யையே ஓதிக்கொண்டிருந்தன. பழைய தண்ணீர் பொன் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. லேசாக மஞ்சள் பாரித்த, வருடக்கணக்கில் மாற்றாத தண்ணீரை வைத்திருப்பதைப் பெருமையாகப் பேசினார்கள். நியூயார்க் மீன்காட்சியகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆட்ஸ் 1949இல் ஒரு கட்டுரை எழுதி இந்தச் சமநிலை ஒரு கட்டுக்கதை என்று போட்டு உடைத்தார். தொட்டி மீனுக்கு மூச்சு தருவது பெரும்பாலும் செடியல்ல, தண்ணீரின் மேற்பரப்பு. ஆக்ஸிஜன் அங்கேதான் உள்ளே வருகிறது, கரியமில வாயு அங்கேதான் வெளியே போகிறது. ராத்திரியில் செடியும் மீனோடு போட்டி போட்டு மூச்சு விடுகிறது. நூறு வருடமாக மூச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் தண்ணீரில் கரைந்து கிடப்பதைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

ஃபில்டர் என்பது அழுக்கை வடிகட்டும் சல்லடை மட்டுமல்ல, அந்த நுண்ணுயிரிகளுக்கான குடியிருப்பு என்பது மெல்லப் பரவியது. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது இன்னும் முழுதாகத் தெரிந்தபாடில்லை. நைட்ரோபாக்டர் என்று பாடப்புத்தகம் சொல்லிவந்த இடத்தில் நன்னீர்த் தொட்டிகளில் உண்மையில் நைட்ரோஸ்பைரா வகைகள் இருப்பதை 1998இல் கண்டார்கள். பல தொட்டிகளில் அம்மோனியாவைத் தின்பது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்னும் வேறொரு பழங்குலம் என்று 2011இல் தெரிந்தது. இரண்டு படியையும் ஒரே உயிரி செய்யும் என்பது 2015இல் வெளியானது. அதைக் கண்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்பு நீரின் வடிகட்டி. இளைய வாரிங்டன் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார், கொஞ்சம் எரிச்சலும் பட்டிருப்பார்.

*

சரி, இத்தனை பேர் வேலை செய்கிறார்களே, அப்புறம் எதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்?

அவர்கள் எதையும் அழிப்பதில்லை என்பதால். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறார்கள். கொல்லும் விஷம் போய், மெல்ல வாட்டும் ஒன்று வருகிறது. ஆனால் அது தொட்டியிலேயே கிடக்கிறது. ஃபில்டருக்கு அதை வெளியே தூக்கிப் போடத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. 100 லிட்டர் தொட்டிக்குத் தினம் ஒரு கிராம் தீனி போடுகிறோம். அதில் புரதம் 40 சதவீதம் என்றால் 0.4 கிராம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். மீன் தன் உடம்பில் கால் பங்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நைட்ரேட்டாக மாறினால் லிட்டருக்குத் தினம் 2 மில்லிகிராம் ஏறும். வாரத்துக்கு 14. மாதத்துக்கு 60. செடி இல்லாத தொட்டியில் இதற்கு உச்சவரம்பே கிடையாது.

வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால்? ஏறிக்கொண்டே போய், மாற்றுவதற்கு முன் 56, மாற்றிய பின் 42 என்ற இடத்தில் நின்றுவிடும். அதாவது நான்கு வாரச் சேர்மானத்துக்கு மேல் போகாது. பத்தில் ஒரு பங்கு மாற்றினால் பத்து வாரச் சேர்மானத்தில் நிற்கும். பாதி மாற்றினால் இரண்டு வாரத்தில். தண்ணீர் மாற்றுவதன் பலன் தொட்டியைச் சுத்தமாக்குவதல்ல, ஏறுவதற்கு ஒரு கூரை போடுவது. கூரை எந்த உயரத்தில் வேண்டும் என்பதை மீனும் தீனியும் தீர்மானிக்கும்.

நைட்ரேட் மட்டும் என்றால்கூட என் டெட்ராக்கள் அப்படி ஒரே ராத்திரியில் செத்திருக்காது. இன்னொரு கணக்கும் கூடவே ஓடுகிறது. அம்மோனியா நைட்ரேட்டாகும்போது அமிலம் பிறக்கிறது. தண்ணீரிலுள்ள கார்பனேட் உப்புகள் அதை முறிக்கின்றன, முறித்து முறித்துத் தீர்ந்துபோகின்றன. ஷ்லோசிங் குழாயில் மணலோடு சுண்ணாம்புக்கல்லையும் ஏன் போட்டார் என்பது இப்போது புரியும். வாராவாரம் ஊற்றும் புதுத் தண்ணீர் இந்த உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. நானோ ஆறு மாதம் உப்பெல்லாம் நீக்கிய கேன் தண்ணீரை ஊற்றினேன். கார்பனேட் தீர்ந்ததும் பி.எச். சரிகிறது. 6க்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிரிகள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. அம்மோனியா சேர்கிறது. ஆனால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுதும் அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் இருக்கும். மீன் சாகாது. தீனிக்குப் பாய்ந்து வரும். தண்ணீர் பளிங்காக இருக்கும்.

அந்த நேரத்தில் ஒருவன் பி.எச். 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றுகிறான். அமிலம் முறிகிறது. சாதுவாக இருந்தது விஷமாகிறது. பி.எச். 6லிருந்து 8க்குப் போனால் அம்மோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய நூறு மடங்காகிறது. பாதியை வெளியே கொட்டியதெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்? தண்ணீரின் குணம் சட்டென்று மாறிய அதிர்ச்சி வேறு.

இது என் ஊகம் மட்டும் அல்ல. அன்று இறைத்த பழைய தண்ணீரில் ஒரு பக்கெட்டை அம்மா பால்கனிக் கறிவேப்பிலைக்கு என்று எடுத்து வைத்திருந்தாள். கொளத்தூர்க்காரர் "பழைய தண்ணி ஏதாச்சும் மிச்சம் இருக்கா சார்?" என்று கேட்டபோதுதான் அது நினைவுக்கு வந்தது. ஒரு பாட்டிலில் கொண்டுபோனேன். சோதனைக் குப்பியில் சொட்டு விட்டார். பி.எச். அந்த அட்டையின் கடைசிக் கட்டத்துக்கு, 6க்கும் கீழே இருந்தது. அம்மோனியாவுக்கு வந்த பச்சை, அட்டையிலிருந்த எந்தப் பச்சையைவிடவும் கருப்பாக இருந்தது. "இதுல மீன் எப்படி சார் உசுரோட இருந்துச்சு?" என்று அவரே கேட்டார்.

அம்மா சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. கொன்றது மாற்றிய தண்ணீர். கொல்லும்படி செய்தது மாற்றாத தண்ணீர்.

*

ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டுமா? இங்கே மூத்த வாரிங்டனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1999இல் டயானா வால்ஸ்டாட் என்னும் அமெரிக்கர் செடித்தொட்டிகளைப் பற்றி எழுதிய புத்தகம் அவருடைய தொட்டியை ஒருவகையில் மீட்டெடுத்தது. மணலுக்கு அடியில் மண், நெருக்கமான செடிகள், நல்ல வெளிச்சம், அளவான மீன்கள். செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியாவையே விரும்பி எடுத்துக்கொள்கின்றன என்று அவர் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். அப்படிப்பட்ட தொட்டிகள் மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் நன்றாகவே ஓடுகின்றன. அங்கேயும் வெளியே போகும் வாசல் ஒன்று உண்டு. வளர்ந்த செடியை வெட்டி வீசும்போது, தீனியில் உள்ளே வந்த நைட்ரஜன் செடியாக வெளியே போகிறது. பக்கெட்டுக்குப் பதில் கத்தரிக்கோல்.

நம்முடைய வழக்கமான தொட்டியோ பிளாஸ்டிக் செடியும் நீலக் கல்லும் நெரிசலான மீனும். அதற்கு வேறு வாசல் கிடையாது. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோ மாற்றத்தான் வேண்டும். எத்தனை பங்கு என்பதைவிட விடாமல் செய்வது முக்கியம், ஏனென்றால் அப்போது புதுத் தண்ணீருக்கும் பழைய தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் வராது. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவாமல் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். இல்லாவிட்டால் குளோரின் அந்தக் குடியிருப்பைக் காலி செய்துவிடும். தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் முதலில் குறைக்க வேண்டியது தீனியை. வாரம் மாற்ற முடியாதவர் பாதி தீனி போட்டால் பாதிக் கணக்குத் தீர்ந்தது. இதை 2019இல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். பல மாதம் விட்டுவிட்டோம் என்றால் குற்றவுணர்ச்சியில் பாதியை மாற்றக் கூடாது. தீனியை நிறுத்திவிட்டுத் தினம் ஒன்றிரண்டு சொம்பாக ஆரம்பித்து, சோதித்துப் பார்த்துப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

அந்த டேங்க் கிளீனர் மட்டும் பிழைத்தது. இப்போது தொட்டியில் அதோடு இரண்டே இரண்டு ஏஞ்சல்கள், பின்சுவர் முழுக்க வாலிஸ்னேரியா. கொளத்தூரில் ஒரு கட்டு வாங்கினேன், அது பரவிவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு பக்கெட் போதுமானதாக இருக்கிறது. எடுத்த தண்ணீரை அம்மா கீழே கொட்ட விடுவதில்லை. நைட்ரேட் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. "மீன் தண்ணி ஊத்துனா கறிவேப்பில நல்லா தழையுதுடா" என்பாள். ராதம்ஸ்டெட்டில் வேலை பார்த்த இளைய வாரிங்டனும் அதையேதான் சொல்லியிருப்பார்.